பார்ச்சு அறையில் சாக்ஸபோன்

சென்ற மாதம் ஒரு விழாவில் எங்களை மேடையேற்றி மாலை போட்டார்கள். நாங்கள் என்றால் நான்கு பேர். "நம் ஊரின் மூத்த ப்ளூஸ் கலைஞர்கள்" என்று மூன்று ஆண்களையும் அறிவித்துவிட்டு, என்னை மட்டும் "இவர்களுக்குப் பக்கபலமாக இருந்த குடும்பத் தலைவி" என்றார் ஒலிபெருக்கி பிடித்திருந்த தம்பி. எனக்கு வந்ததே கோபம்! மாலையைக் கழற்றி மேசைமேல் வைத்தேன். ஒலிபெருக்கியை அவர் கையிலிருந்து வாங்கினேன். "தம்பி, நான் பக்கபலமும் இல்லை, பக்கவாத்தியமும் இல்லை. நான் பாட்டுக்காரி" என்றேன். மண்டபமே சிரித்தது. என் வீட்டுக்காரர் தலையைக் குனிந்துகொண்டார். வெட்கத்தில் அல்ல, சிரிப்பை மறைக்கத்தான்.

அந்தத் தம்பிமேல் குற்றமில்லை. எங்களைப் பற்றி யாரும் உருப்படியாக எழுதி வைக்கவில்லை. சரி, நாமே எழுதுவோம் என்று உட்கார்ந்துவிட்டேன்.

மலாயாவுக்குச் சுதந்திரம் வருவதற்கு முந்தின வருஷங்களில் மலாக்கா டவுனில், காஜா பெராங் பகுதியில் ஒரு பலகை வீட்டில் வாடகைக்கு இருந்தோம். நான் ரப்பர் தோட்டத்தில் பிறந்தவள். கல்யாணமாகி டவுனுக்கு வந்தபிறகு ஜாலான் பெண்டஹாராவில் ஒரு துணிக்கடைக்கு ரவிக்கை தைத்துக் கொடுத்தேன். வீட்டுக்காரர் ஒரு சீனத் தவுக்கேயிடம், அதாவது முதலாளியிடம், காய்கறி லோரி ஓட்டித் தெருத்தெருவாகக் கூவி விற்றார். தோட்டத்துக் கோயில் திருவிழாவில் மேளம் அடித்த கை அவருடையது. டவுனுக்கு வந்ததும் எங்கிருந்தோ ஒரு பழைய டிரம் செட் வாங்கிப் போட்டுக்கொண்டு, வேலை முடிந்து வந்ததும் தட்ட ஆரம்பித்துவிடுவார். பக்கத்து வீட்டுச் சீனக் கிழவர் சுவரைத் தட்டுவார். இவர் அதையும் தாளமாக எடுத்துக்கொண்டு வாசிப்பார்.

எங்கள் வீட்டை ஒட்டியே செட்டி கம்போங், செட்டிகளின் குடியிருப்பு. பல தலைமுறைகளுக்கு முன் மலாக்காவில் வேரூன்றிய நம் ஆட்கள். பெயர் தமிழ்ப் பெயர், கும்பிடும் சாமி நம் சாமி, வீட்டில் பேசுவது மட்டும் மலாய். அங்கேதான் எங்கள் சாக்ஸபோன்காரர் இருந்தார். அரசாங்க ஆபீசில் கிராணி, குமாஸ்தா வேலை. சட்டை கசங்காது, குரல் உயராது. அவருடைய அக்காவைக் கம்போங் முழுக்க 'பெரியக்கா' என்றுதான் கூப்பிடும். தாயில்லாத தம்பியை வளர்த்த அந்தம்மாவின் குரல், தம்பிக்கும் சேர்த்து உயரும்.

மூன்றாமவர் கித்தார்காரர். கடலோரத்துச் செரானி, அதாவது போர்த்துகீசிய வம்சம், கிறிஸ்தவர், இறால் பிடிக்கிற மனுஷன். வெள்ளைக்கார சிப்பாய் ஒருவனுக்கு வாரா வாரம் நண்டு கொடுத்து, பதிலுக்குக் கொஞ்சம் பழைய இசைத்தட்டுகள் வாங்கியிருந்தார். அமெரிக்கக் கறுப்பர்களின் ப்ளூஸ் எங்கள் தெருவுக்கு நண்டு வழியாகத்தான் வந்தது.

எங்கள் வீட்டுப் பின்பக்கம், சமையலறையை ஒட்டிய தகரக் கொட்டகையில்தான் பயிற்சி. முதல் தடவை கேட்டபோது கரண்டியோடு வெளியே போய், "யார் செத்துட்டா?" என்று கேட்டேன்.

"யாரும் சாகலை, சிஸ்டர். பொண்ணு விட்டுட்டுப் போயிட்டா. அதான் பாட்டு" என்றார் கித்தார்காரர். எங்கள் பேச்செல்லாம் மலாயில்தான். நான் தமிழில் எழுதுகிறேன்.

"போனவளுக்காகவா இவ்வளவு நேரம் அழுவீங்க? சோறு ஆறுது, வாங்க."

ஆனால் பாருங்கள், அந்தப் பாட்டு என்னை விடவில்லை. அழுகைதான், ஆனால் கால் சும்மா இருக்காது. கித்தார்காரர் ஒரு வரி பாடுவார், கேள்வி கேட்கிற மாதிரி. சாக்ஸபோன் பதில் சொல்லும். மறுபடி அதே கேள்வி. சாக்ஸபோன் கொஞ்சம் வேறு மாதிரி பதில் சொல்லும். தோட்டத்தில் ரப்பர் மரத்தில் பால் வெட்டும்போது இந்த நிரையிலிருந்து ஒருத்தி பாட, நாலு நிரை தள்ளி இன்னொருத்தி பதில் பாடுவாள். நானும் பாடியிருக்கிறேன். அதனால் சட்டி கழுவிக்கொண்டே சாக்ஸபோனோடு சேர்ந்து நானும் பதில் சொல்ல ஆரம்பித்தேன். வார்த்தை கிடையாது. வெறும் குரல்.

"அடுப்பங்கரையில அந்த ரேடியோவைக் கொஞ்சம் மூடுறியா?" என்று இவர் கத்துவார்.

"நீங்க ரேடியோ வாங்கிக் குடுங்க, மூடுறேன்" என்று நானும் கத்துவேன். எங்கள் வீட்டில் ரேடியோவே இல்லை.

இப்படி ரெண்டு மூன்று வருஷம் போனது. பிறந்தநாள், கல்யாணம், தெங்கேராவில் ஒரு பாபா சீனர் வீட்டு விருந்து என்று சின்னச் சின்னதாக வாசித்துக்கொண்டிருந்தார்கள். அப்போதுதான் சுதந்திர நாள் அறிவிப்பு வந்தது. டவுனில் ஒரு பெரிய கிளப். அன்றைக்குப் பாடாங் திடலில் மேடை போடும் பொறுப்பு அவர்களுடையது. அவர்களுடைய சொந்த பாண்டோடு உள்ளூர் பாண்டு ஒன்றும் வாசிக்கும், அதைச் சோதனை வைத்துத் தேர்ந்தெடுப்போம் என்று சொன்னார்கள். மூவரும் அந்த வாரம் தூங்கவில்லை. ஆனால் சாக்ஸபோன்காரருக்கு இருந்த தவிப்பு வேறு.

அவருடைய அப்பா அதே கிளப்பில்தான் ஆயுசு பூராவும் சாக்ஸபோன் வாசித்தார். பின்வரிசை. முன்னால் வரிசையாகச் செடித்தொட்டிகள். நடனமாட வருகிற துரைமார்களுக்கு வாசிப்பவர் முகம் தெரியக் கூடாது. பாட்டு முடிந்தால் பாண்டு தலைவரின் பெயரை மட்டும் சொல்வார்கள். தலை நரைத்த பிறகும் அப்பாவை 'சாக்ஸபோன் பாய்' என்றுதான் கூப்பிட்டார்களாம். ஒரே ஒரு தடவைகூட அவர் பெயரைச் சொன்னதில்லை.

"எனக்கு வேற ஒண்ணும் வேணாம், அக்கா. முன்னால நின்னு வாசிக்கணும். அப்பா பேரைச் சொல்லி, அவர் மகன்னு என்னை அறிவிக்கணும். அது போதும்" என்று ஒருநாள் என் அடுக்களை வாசலில் நின்று சொன்னார். அந்த மனுஷர் எதையும் வேண்டும் என்று கேட்டு நான் பார்த்ததில்லை. எனக்கு மனசு என்னமோ செய்தது.

சோதனை நாள் பழக் காலத்தில் வந்தது. அந்தப் பருவத்தில் செட்டி வீடுகளில் 'பார்ச்சு' வைப்பார்கள். நாம் இறந்தவர்களுக்குப் படையல் போடுவதில்லையா, அதுதான். அறையில் வாழையிலை விரித்து, சோறு, கறி, ரம்புத்தான், மங்கிஸ், டுரியான் பழங்கள் எல்லாம் வைத்து, போனவருக்கு எது பிடிக்குமோ அதையும் வைத்து, சாம்பிராணி போட்டுக் கதவைச் சாத்திவிடுவார்கள். சாம்பிராணி அணைகிறவரை யாரும் உள்ளே போகக் கூடாது. முன்னோர்கள் வந்து சாப்பிடுகிற நேரம் அது. பிறகு கதவைத் தட்டிவிட்டுத்தான் திறப்பார்கள்.

அந்த வருஷம் பார்ச்சும் சோதனையும் ஒரே நாளில் விழுந்தன. பார்ச்சு காலையில், சோதனை மத்தியானத்துக்கு மேல். தாராளமாக நேரம் இருந்தது. சாக்ஸபோன்காரர் சும்மா இருந்திருக்கலாம். 'இது அப்பா வாசித்த சாக்ஸபோன், அவர் தொட்டுக் கொடுத்தால் நன்றாக இருக்கும்' என்று துடைத்துப் பளபளவென்று அப்பாவின் இலைக்குப் பக்கத்தில் வைத்துவிட்டார். அதில் தவறென்ன? நானே பார்த்துவிட்டு, "நல்ல காரியம் தம்பி" என்று சொன்னேன்.

ஆனால் ஆயர் குரோவிலிருந்து டுரியான் கொண்டுவர வேண்டிய மாமா வரவில்லை. பஸ் எங்கோ நின்றுவிட்டதாம். அப்பாவுக்கு டுரியான் என்றால் உயிர். டுரியான் இல்லாமல் ஆரம்பிக்க முடியாது என்று பெரியக்கா சொல்லிவிட்டார். மாமா கூடையைத் தோளில் சுமந்துகொண்டு வியர்த்து விறுவிறுத்து வந்து சேர்ந்தபோது சூரியன் உச்சியைத் தாண்டிவிட்டது. அவசர அவசரமாகப் பழத்தைப் பிளந்து வைத்தார்கள். எல்லோரும் கும்பிட்டார்கள். சாம்பிராணி போட்டார்கள். பெரியக்கா கதவைச் சாத்தி, குறுக்கே ஒரு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துகொண்டார்.

அப்போதுதான் என் வீட்டுக்காரர் லோரியைக் கொண்டுவந்து வாசலில் நிறுத்தினார். "எங்க சாக்ஸபோன்?"

சாக்ஸபோன்காரர் கதவைக் கைகாட்டினார். அவர் முகத்தில் ரத்தமே இல்லை. அதுவரை அவருக்கே உறைக்கவில்லை.

"ஐயோ கடவுளே!" என்று இவர் தலையில் அடித்துக்கொண்டார். "ஒரே நிமிஷம் திறந்து எடுத்துடலாம். உங்க அப்பாதானே, கோவிச்சுக்க மாட்டார்."

"பெலும் ஹாபிஸ்" என்றார் பெரியக்கா. இன்னும் முடியவில்லை என்று அர்த்தம். அவ்வளவுதான் சொன்னார். நாற்காலியை ஒரு அங்குலம் நகர்த்தவில்லை.

கித்தார்காரர் வீட்டை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். "பின்பக்கம் ஜன்னல் திறந்திருக்கு. லோரியில என் தூண்டில் கிடக்கு. சத்தமில்லாம மாட்டி இழுத்துடுவேன். இதைவிடப் பெரிய மீனெல்லாம் இழுத்திருக்கேன்." விளையாட்டுக்குச் சொல்லவில்லை. நிஜமாகவே தூண்டிலை எடுக்கப் போய்விட்டார்.

அப்போதுதான் சாக்ஸபோன்காரர் பேசினார்.

"வேணாம். கிளப்பில் அப்பாவை ஒருநாளும் நிம்மதியாச் சாப்பிட விட்டதில்லை. தட்டுல கை வைப்பார், மணி அடிப்பாங்க, அப்படியே எழுந்து ஓடுவார். வீட்டுக்கு வந்து அக்காகிட்டதான் சொல்வார், இன்னைக்கும் பாதிச் சோறுன்னு. இப்பவும் நான் போய் எழுப்பணுமா? நான் எழுப்ப மாட்டேன்."

பெரியக்கா முந்தானை இல்லாத கெபாயாச் சட்டையின் ஓரத்தால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். தூண்டிலோடு வந்த கித்தார்காரர் அதை மெதுவாகச் சுவரில் சாய்த்து வைத்தார்.

"நிக்காதீங்க, கிளம்புங்க" என்றேன் நான். "கடைசியா வாசிக்கிறோம்னு கேப்போம். அதுக்குள்ள யாராவது சாக்ஸபோனைக் கொண்டாந்துடுவாங்க. நான் பேசிக்கிறேன்." சொல்லிவிட்டு லோரியின் முன்னால் ஏறி உட்கார்ந்துவிட்டேன். தைத்துக்கொண்டிருந்த ரவிக்கையின் நூல் என் சேலையிலேயே ஒட்டிக்கொண்டிருந்தது.

கிளப் காரியதரிசி நம் தமிழர்தான். ஆனால் அவர் தும்மினாலும் ஆங்கிலத்தில்தான் தும்முவார். நான் தமிழில் கேட்டதும் சுற்றுமுற்றும் பார்த்துக்கொண்டு, "நேரம்னா நேரம். கூப்பிட்டப்போ வாசிக்கலைன்னா வெளியே" என்றார்.

"ஐயா, ஒரு அரை மணி. பெரியவர் சாப்பிட்டுக்கிட்டிருக்கார்."

"எந்தப் பெரியவர்?"

செத்துப்போன பெரியவர் என்று நான் எப்படிச் சொல்வது? வாயை மூடிக்கொண்டேன். என் வாழ்க்கையில் அது அபூர்வம்.

கூப்பிட்டார்கள். மூவரும் ஏறினார்கள். டிரம், கித்தார், வெறும் கையோடு சாக்ஸபோன்காரர். கீழே மேசை போட்டுக் கமிட்டிக்காரர்கள். நான் மேடையின் ஓரத்தில் திரைக்குப் பக்கத்தில் நின்றேன். கித்தார்காரர் பாட ஆரம்பித்தார். முதல் வரி முடிந்தது. பதில் வரவேண்டிய இடம். டிரம் மட்டும் தத்தித் தத்திப் போகிறது. சாக்ஸபோன்காரரின் விரல்கள் இல்லாத சாக்ஸபோனை அழுத்துகின்றன. என் வீட்டுக்காரர் பல்லைக் கடித்துக்கொண்டு தட்டுகிறார். ஒரு கமிட்டிக்காரர் பேனாவை மூடினார்.

எனக்குப் பொறுக்கவில்லை. இரண்டாவது தடவை கேள்வி வந்தது. நான் பதில் சொன்னேன். நின்ற இடத்திலேயே, முக்காடு போட்டபடி, சட்டி கழுவும்போது சொல்கிற மாதிரியே. முதலில் மெதுவாக. பிறகு முழுக் குரலில். அந்தக் கூடம் உயரமான கூரை போட்டது. என் குரல் மேலே போய் எனக்கே திரும்பி வந்தது. அட, இது நானா என்று இருந்தது. என் வீட்டுக்காரர் திரும்பிப் பார்த்தார். பார்த்த வேகத்தில் தாளத்தை ஒரு படி ஏற்றினார். அவ்வளவுதான், எனக்குப் பயம் போய்விட்டது. திரையை விட்டு வெளியே வந்து, நடு மேடையில் நின்று பாடி முடித்தேன்.

கமிட்டிக்காரர்கள் கைதட்டினார்கள். தங்களுக்குள் பேசிக்கொண்டார்கள். காரியதரிசி மேடைக்கு வந்தார். இப்போது அவருக்கே தமிழ் நன்றாக வந்தது.

"உங்களைத்தான் எடுக்கிறோம். பாடின அம்மா, டிரம், கித்தார். சாக்ஸபோனுக்குக் கிளப் ஆள் இருக்கார், யூனிபார்மோட."

"அப்ப இவரு?" என்று சாக்ஸபோன்காரரைக் காட்டினேன்.

"அவர் இன்னைக்கு ஒண்ணும் வாசிக்கலையே, அம்மா."

அவர் சொன்னதில் பொய்யில்லை. சாக்ஸபோன்காரருடைய இடத்தை நான் நிரப்பினேன். நிரப்பியதால் அவருக்கு இடம் இல்லை என்கிறார்கள். சாக்ஸபோன்காரர் என்னைப் பார்த்துச் சிரிக்க முயன்றார். "போங்க அக்கா, நல்ல சந்தர்ப்பம்" என்றார். நான் காரியதரிசியைப் பார்த்து நாலு வார்த்தை கேட்க வாயைத் திறந்தேன். அதற்குள் என் வீட்டுக்காரர் டிரம்மைக் கழற்ற ஆரம்பித்துவிட்டார். பாடாங் மேடைக்காக ஒரு மாதமாகக் கனவில்கூடக் கையை ஆட்டிக்கொண்டிருந்த மனுஷர்.

"நாங்க மூணு பேரா வந்தோம், நாலு பேரா திரும்பிப் போறோம்" என்றார். "ஆளைக் குறைச்சுக்கிட்டுப் போற பழக்கம் எங்களுக்கு இல்லை."

எனக்கு அவரை அப்படியே கட்டிக்கொள்ளலாம் போல இருந்தது. கல்யாணம் ஆகி அத்தனை வருஷத்தில் அன்றைக்குத்தான் என் வீட்டுக்காரர் யாரென்று முழுசாகத் தெரிந்துகொண்டேன். எழுத வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் எழுதுகிறேன்.

வீடு திரும்பியபோது கதவு திறந்திருந்தது. பெரியக்கா எங்கள் எல்லோருக்கும் இலை போட்டார். மறுநாள் சாக்ஸபோன்காரர் என் தையல் மெஷினுக்கு முன்னால் வந்து நின்றார். தானே கிளப்புக்குப் போய், மற்ற மூவரும் வருவார்கள் என்று சொல்லிவிடப் போவதாகச் சொன்னார்.

"உங்க அப்பாவைச் சோறு திங்க விடாத எடம் அது. அங்க போய் உங்க எடத்துல நின்னு நான் பாடணுமா? எனக்குச் சோறு இறங்குமா? பேசாமப் போங்க தம்பி, வாயில நல்லா வந்துடும்!" என்று கத்தினேன். போய்விட்டார். ஆனால் வாசல்படி இறங்கும்போது அவர் தோள் தொங்கியிருந்ததைப் பார்த்தேன். பாடாங் மேடை போய்விட்டது. அப்பா பெயர் இனி எங்கே யார் வாயில் வரும்?

சுதந்திரம் வந்தது. அன்று காலை ஊரே பாடாங்கில் நின்றது. நாங்களும் நின்றோம். கொடி ஏறியபோது என் வீட்டுக்காரர் பக்கத்தில் நின்றவர் தோளையெல்லாம் தட்டினார். மாலை, வெயில் தாழ்ந்த நேரத்தில் தவுக்கேயிடம் கேட்டு லோரியைக் கொண்டுவந்து, காஜா பெராங் சாலையில், செட்டி கம்போங்குக்கு எதிரே நிறுத்தினார். பக்கப் பலகைகளை இறக்கினார். அதுதான் மேடை. கம்போங்கார இளவட்டங்கள் தென்னங்குருத்துத் தோரணம் கட்டினார்கள். கித்தார்காரரின் சொந்தபந்தம் கடலோரத்திலிருந்து ஒரு பட்டாளமாக வந்து இறங்கியது. பக்கத்து வீட்டுச் சீனக் கிழவர், சுவரைத் தட்டுகிறவர், குடும்பத்தோடு வந்து முன்னாலேயே குந்திக்கொண்டார். டவுனிலிருந்து திரும்பிக்கொண்டிருந்தவர்கள் சைக்கிளை நிறுத்தினார்கள். மலாய்க்காரர், சீனர், நம் ஆட்கள் என்று சாலை அடைத்துவிட்டது.

பெரியக்கா தன் நல்ல கெபாயா போட்டுக்கொண்டு நாற்காலி கொண்டுவந்து லோரிக்கு நேர் எதிரே உட்கார்ந்தார்.

சாக்ஸபோன்காரர் பழக்கதோஷத்தில் பின்னால் ஒதுங்கி நின்றார். என் வீட்டுக்காரர் அவர் கையைப் பிடித்து இழுத்து லோரியின் விளிம்புக்கே கொண்டுவந்து நிறுத்தினார். பிறகு காய்கறி விற்கும்போது கூவுகிற தகரக் குழாயை வாயில் வைத்தார். எங்களிடம் ஒன்றும் சொல்லியிருக்கவில்லை.

கிளப்பில் இத்தனை வருஷம் சாக்ஸபோன் வாசித்தவரின் பெயரைச் சொன்னார். முழுப் பெயர், அவருடைய அப்பா பெயரோடு. மலாயில் ஒரு தடவை, தமிழில் ஒரு தடவை. கத்திரிக்காய் விற்கிற அதே குரலில், கம்போங் கடைசி வீடுவரை கேட்கிற மாதிரி. "இவர் அவருடைய மகன்" என்றார்.

பெரியக்கா எழுந்து நின்றார். அவரைப் பார்த்துப் பின்னால் உட்கார்ந்திருந்த செட்டி வீட்டுக்காரர்கள் எல்லோரும் எழுந்தார்கள். என்ன விஷயம் என்று தெரியாமலே மற்றவர்களும் எழுந்தார்கள்.

கித்தார்காரர் முதல் கேள்வியைப் பாடினார். சாக்ஸபோன்காரர் வாயில் வைத்தார், ஊத முடியவில்லை. உதடு துடித்துக்கொண்டே இருந்தது. அதனால் நான் பதில் சொன்னேன். இரண்டாவது கேள்விக்கும் நான்தான் சொன்னேன். மூன்றாவது கேள்விக்கு அவருக்கு மூச்சு வந்தது. அன்று அவர் வாசித்த வாசிப்பை எப்படி எழுதுவது? சோற்றிலிருந்து யாரும் பாதியில் எழுப்பாத மனுஷன் வயிறு நிறைய வாசித்த மாதிரி இருந்தது என்று கித்தார்காரர் பிறகு சொன்னார். நான் வாயை மூடிக்கொண்டு வழிவிட்டேன்.

பாட்டு முடிகிறவரை பெரியக்கா உட்காரவில்லை.